வெங்கிணாந்தியின் சுபாவம்

இரத்மலானையை அடுத்த அத்திடிய சதுப்பு நிலம் 1990 இல் சரணாலயமாயிற்று. மழைவெள்ளம் பெருகுங்கால் பாம்புகள் வளவுகளுக்குள் வருதல் அயலவர்க்குப் புதிதன்று. மலைப்பாம்பு எனப்படும் வெங்கிணாந்திக்கு நஞ்சில்லை என்றறிந்த சிறுவர், குட்டியொன்றைக் கண்டால் "வளர்ப்போமே" என்பர். அழகிய பிராணிதான், நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை அடிக் குட்டி பத்தடி வளரும் என்பதைப் பெற்றார் நினைவிற் கொள்ளுக.

கையிலே பேசாமற் சுருண்டு கிடந்தால் அதனை அன்பென்று கொள்வர் சிலர். அன்று, அச்சமின்மை மாத்திரமே. மேலுதட்டுக் குழிகளால் உடற்சூட்டை உணரும் இப்பாம்பு, கோழியைத் தொட்ட கையைக் கோழியென்றே கவ்வும். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கையை வெடுக்கென இழுத்தால் சதை கிழியும். இரை விழுங்கிய பின்பும், சட்டை உரிக்குமுன் கண் மங்கிய நாள்களிலும் அதனைத் தீண்டலாகாது. முட்டைகளைச் சுற்றிக் கிடந்து, தன் உடல் நடுக்கத்தால் அவற்றுக்குச் சூடூட்டும் தாயை நெருங்கவே கூடாது. பழகியவர்களும் பெரும் பாம்பைத் தனியே தூக்கார்.

1937 ஆம் ஆண்டு முதல் உள்ள வனசீவராசிகள் சட்டமும் இன்று இதனை வளர்க்க இடந்தருவதில்லை. கண்டால் கோழிக்கூட்டை அடைத்துவிட்டுத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பிள்ளைகளின் ஆசைக்குத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது. பஸ்ஸில் அதிக தூரமில்லை.