லிங்க் அனுப்பினால் பயிற்சி முடிந்ததா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது எங்கும் ஆன்லைன் பயிற்சிதான். ஆசிரியருக்கு, மகளிர் குழுவுக்கு, விவசாயிக்கு, தொழிலாளிக்கு. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும். வீடியோவை ஓடவிட்டு, கடைசியில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் சான்றிதழ். "நூறு சதவீதம் முடிந்தது" என்று மேலே அறிக்கை போய்விடும். யார் என்ன கற்றார் என்று கேட்க ஆளில்லை.

ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவர் சொன்னார்: "பாதுகாப்புப் பயிற்சி இங்கிலீஷ்ல வந்துச்சு சார். ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்துதான் பார்க்கணும். தூக்கம் வந்துடுச்சு. பையன்தான் டிக் அடிச்சான்." சான்றிதழ் அப்பா பெயரில் வந்துவிட்டது. நாளைக்கு வாயு கசிந்தால் பையனா வந்து வால்வை மூடுவான்? கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

உடனே "வாத்தியாருக்கு செல்போன் என்றாலே ஆகாது" என்பார்கள். தவறு. தொலைவிலிருந்து கற்பது நம் மாவட்டத்துக்குப் புதிதே அல்ல. சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைதூரக் கல்வியை ஆரம்பித்தது. வேலையில் இருந்துகொண்டே எத்தனை பேர் அதில் பட்டம் வாங்கினார்கள்! பாடம் தபாலில் வந்தது. ஆனால் நேர்முக வகுப்பும் இருந்தது. சந்தேகம் கேட்க எதிரில் ஒரு மனிதர் இருந்தார்.

இன்னொன்று. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. மையத்தை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், அதிலும் பெண்கள் அதிகம். வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பை இணையத்தில் எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நமக்குப் பக்கத்தில் இருக்கும் நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து போனில் வந்த எச்சரிக்கையை ஊரார் அந்த மையத்தின் ஒலிபெருக்கியில்தான் அறிவித்தார்கள். மக்கள் உயிர் பிழைத்தார்கள். கருவி அங்கே இருந்தது உண்மை. அதை எடுத்துப் பேச ஊருக்குள் ஆள் இருந்ததுதான் காப்பாற்றியது.

இன்றைக்கு அந்த ஆளை மட்டும் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு "டிஜிட்டல் கற்றல்" என்று பெயர் வைக்கிறார்கள். ஏன்? ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும், லிங்க்குக்கு வேண்டாம். விஷயம் அவ்வளவுதான்.

என் கோரிக்கை மூன்று.

ஒன்று: பயிற்சி வேலை நேரத்தில், சம்பளத்தோடு நடக்கட்டும். தொழிலாளியின் தூக்கத்தையும் டேட்டாவையும் எடுத்துக்கொண்டு நடத்துவதற்குப் பெயர் பயிற்சி அல்ல, சுரண்டல்.

இரண்டு: பாடம் தமிழில் இருக்கட்டும். அவர் கை வைக்கும் இயந்திரமும், பண்ருட்டி முந்திரியும் பலாவும் அதில் வரட்டும்.

மூன்று: ஒவ்வொரு பயிற்சிக்கும் நேரில் ஒரு வழிகாட்டி இருக்கட்டும். மாதம் இருமுறையாவது கூடி உட்கார்ந்து கேள்வி கேட்க இடம் வேண்டும்.

இடத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமா? சிதம்பரத்தில் பல்கலைக்கழகம், விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம், வடலூரில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம், கடலூரில் அரசு ஐ.டி.ஐ., சிப்காட்டில் ஆலைகள். எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது மாவட்ட நிர்வாகத்தால் முடியாத காரியமா? அதுவல்லவா உண்மையான கற்றல் வலைப்பின்னல்! என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு நாலு பேர் சும்மா இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

உங்கள் நிறுவனத்தில் கடைசியாக நடந்த ஆன்லைன் பயிற்சியில் என்ன கற்றீர்கள்? மனசாட்சியோடு கமெண்டில் எழுதுங்கள். சான்றிதழ் படம் வேண்டாம்.