ஆற்றங்கரையில் வீடா, பாதையா?

ரொறன்ரோ ஹம்பர் ஆற்றோரம் பின்னேரங்களில் நடக்கிற, சைக்கிள் ஓடுகிற எங்கட சனம் கனபேர். காணி விலை இப்படி ஏறிக் கிடக்கிற நகரத்தில் அந்தக் கரை எப்படி வெறுமையாக மிஞ்சியது?

1954 ஒக்ரோபர் 15 இரவு, ஹேசல் சூறாவளி கொட்டிய மழையில் ஹம்பர் பெருகியது. ஒன்ராறியோவில் 81 பேர் பலி. ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். வீடுகளோடு அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் வெள்ளம் பாயும் நிலத்தில் வீடு கட்டுவதைத் தடுத்தார்கள். காணிகளை அரசு வாங்கிப் பூங்காவாக்கியது.

1998 வரை எட்டோபிக்கோவும் யோர்க்கும் தனித்தனி மாநகரசபைகள். இரண்டுக்கும் ஹம்பர்தான் எல்லை. பிரித்த ஆற்றையே பாதையும் பாலங்களும் இணைப்பாக்கின. ஆனாலும் வெஸ்ரன் பகுதியில் நெடுங்காலம் பாதை அறுந்து, படியேறி வாகன வீதிக்கு வரவேண்டியிருந்தது. சின்னப்பிள்ளையோடு வருபவர் என்ன செய்வார்? அறுந்த பாதை அரைப் பாதைகூட இல்லை.

"நடக்கிறதுக்கு இவ்வளவு காசா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதையில் வெள்ளம் ஏறினால் சேற்றை வழித்துவிடலாம். வீட்டில் ஏறினால்?

ஆகவே, உங்கள் நகரசபை ஆற்றங்கரைப் பாதை பற்றிக் கருத்துக் கேட்டால் போய்ச் சொல்லுங்கோ. ஆறு தெரியுற வீடு வேணும் என்று தேடுகிற நாங்கள், ஆற்றுக்கும் இடம் விடச் சொல்ல வேண்டாமா?