விலை ஆட்டத்திற்கா, கண்ணுக்கா?

2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் பந்தயத்தில், நமது வடசென்னை வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுபவரின் மகளான காசிமா என்னும் பெண் மூன்று தங்கப் பதக்கங்களை ஜெயித்தார். அதே மாதத்தில் ஜெட்டா நகரத்தில், ஐ.பி.எல். கிரிக்கெட்டுக்காக மனிதர்களை ஏலம் போட்டதில், ரிஷப் பந்த் என்பவர் 27 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். காசிமாவுக்குச் சர்க்கார் 1 கோடி ரூபாய் கொடுத்தது. சந்தோஷமே. ஆனால் அது சன்மானம். கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் இல்லை. கிரிக்கெட்காரருக்குக் கிடைப்பதோ ஒப்பந்தச் சம்பளம்.

ஏன் இப்படி என்று கேட்டால், “அவரவர் திறமைக்கேற்ற கூலி” என்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய், “பகவான் கொடுத்த வரம்” என்றும் சொல்லி, ஆட்டக்காரர் படத்திற்குப் பாலும் ஊற்றுகிறார்கள். (அந்தப் பகவானுக்குக் கேரம் பலகை மட்டும் ஆகாது போலும்!) திறமைதான் காரணமென்றால், இருமுறை உலக வெற்றி பெற்று 1996-ம் வருஷத்து அர்ஜுனா விருதும் அடைந்த சென்னைத் தோழர் மரியா இருதயத்தை எந்த முதலாளி ஏலம் கேட்டான்?

சங்கதி வேறு. 2022-ல் ஐ.பி.எல். ஆட்டத்தை ஐந்து வருஷத்திற்குக் காட்டும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. வாங்கியவன் அதை விளம்பரக்காரனிடம் விற்கிறான். விளம்பரக்காரன் வாங்குவது ஆட்டத்தையல்ல. துறைமுகக் கூலியும், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியும், எண்ணூர் மீனவனும் இராத்திரி மூன்று மணி நேரம் பார்க்கின்ற கண்களையே வாங்குகிறான். பிறகு அந்தச் செலவையும் சரக்கின் விலையில் ஏற்றி அவர்களிடமே வசூலிக்கிறான்.

இதில் ஆட்டக்காரனாவது முழுக்கூலி பெறுகிறானா? அதுவுமில்லை. 2025-க்கு அணி ஒன்றுக்கு 146 கோடியாகப் பத்து அணிகளுக்கும் சம்பள வரம்பு 1,460 கோடிதான். காட்டும் உரிமையில் மாத்திரம் வருஷத்துக்குச் சராசரி 9,678 கோடி வருகிறது. அதில் இது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர்களோ சங்கம் வைத்துப் பேரம் பேசி, வருமானத்தில் ஏறக்குறையப் பாதியை வாங்குகிறார்கள். 1918-லேயே மில் தொழிலாளர் சங்கம் கண்ட வடசென்னைக்கு இதன் அருமையை நாம் சொல்ல வேண்டுமா?

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான கிரிக்கெட் போர்டு, இவ்வளவு வியாபாரத்துக்கும் பிறகு தர்ம ஸ்தாபனத்துக்குரிய வரிச் சலுகைக்குத் தகுதியுடையது என்று 2021-ல் வருமானவரித் தீர்ப்பாயம் சொல்லிற்று. தேவஸ்தான தர்மத்தைக் கண்ட நமக்கு இதில் ஆச்சரியமில்லை. தர்மம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இராயபுரம் சந்துகளில் கேரம் தட்டும் பிள்ளைகளுக்கும், குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு, யார் தயவையும் எதிர்பாராமல், சட்டப்படி வருஷந்தோறும் வந்து சேரவேண்டும் என்கிறோம்.