பத்திரிகை கவுன்சில்: குறை அதிகாரத்திலா, துணிவிலா?

புதுதில்லி: பத்திரிகைச் சுதந்திரத்தையும் நெறியையும் ஒருங்கே காக்க 1966-ல் அமைக்கப்பட்ட இந்திய பத்திரிகை கவுன்சில், நெருக்கடி நிலையின்போது கலைக்கப்பட்டு, 1978-ம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் உயிர்பெற்றது.

தலைவர் நீங்கலாக உள்ள 28 உறுப்பினர்களில் 20 பேர் பத்திரிகைத் துறையினர். 5 பேர் எம்.பி.க்கள். நெறி தவறும் இதழை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க இயலாது. தண்டிக்கும் அதிகாரம் வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இதனால்தான்.

ஆனால், பணம் பெற்றுக்கொண்டு வெளியிடப்படும் செய்திகள் குறித்துத் தனது துணைக்குழு அளித்த அறிக்கையை 2010-ல் கவுன்சிலே முழுமையாக வெளியிடவில்லை. மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே 2011-ல் அது வெளிவந்தது. அதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படவில்லை, துணிவே தேவைப்பட்டது.

கவுன்சிலையே கலைத்த அரசை நாடு கண்டிருக்கிறது. புதிய அதிகாரம் நாளை பத்திரிகைகள் மீதே பாயக்கூடும். இருக்கும் அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்துவதே முதல் சீர்திருத்தம்.