ஆண்களுக்கும் ஆபரேஷன் உண்டு: டாக்டருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியவில்லை!

"நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வாசகத்தையும் சிவப்பு முக்கோணத்தையும் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வாசகத்தில் "இருவர்" இருக்கிறார்கள். ஆனால் ஆபரேஷன் டேபிளில் படுப்பது ஒருவர்தான். அது எப்போதும் மனைவிதான்.

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் (15-49 வயது) 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். கணவர் செய்து கொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்கள் 57.8 சதவீதம். ஆண்கள்? 0.1 சதவீதம். அதாவது ஆயிரத்தில் ஒருவர்!

ஆண்களுக்கான ஆபரேஷன் கடினமானது, அதனால்தான் யாரும் செய்து கொள்வதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிரானது. பெண்ணுக்குச் செய்யும்போது வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ உள்ளே போக வேண்டும். ஆணுக்கு அந்த வேலையே இல்லை. விந்துக் குழாய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்து, ஒரு சின்னத் துளை போட்டு, குழாயைத் துண்டித்துக் கட்டி விடுகிறார்கள். கத்தி கிடையாது, தையல் கிடையாது. அன்றே வீட்டுக்குப் போய் விடலாம். இதைத்தான் "தழும்பில்லா நவீன வாசக்டமி" என்கிறார்கள்.

இந்த முறை உலகம் முழுவதும் பரவிய கதை சுவையானது. 1974ல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் லி ஷுன்சியாங் என்ற டாக்டர் இதை உருவாக்கினார். பத்து வருடங்களுக்கு மேல் வெளிநாடுகளுக்கு இது தெரியவே தெரியாது. 1985ல் வெளிநாட்டு டாக்டர்கள் குழு ஒன்று அங்கே போய் நேரில் பார்த்தது. அதே வருடம் அமெரிக்காவில் செய்யப்பட்டது. 1987ல் தாய்லாந்து மன்னரின் பிறந்த நாளன்று பாங்காக்கில் ஒரே நாளில் 1,203 பேருக்கு வாசக்டமி நடந்தது. சிலருக்குப் பழைய முறையிலும் மற்றவர்களுக்குப் புதிய முறையிலும் செய்து ஒப்பிட்டார்கள். பழைய முறையில் 100க்கு 3.1 பேருக்குச் சிக்கல் வந்தது. புதிய முறையில் 0.4 பேருக்குத்தான். 1990ல் இது 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. பிறகு இந்தியாவுக்கும் வந்து விட்டது.

ஒரு டாக்டர் கண்டுபிடித்தார், இன்னொருவர் பார்த்துக் கற்றார், மூன்றாமவர் சோதித்துப் பார்த்து எழுதினார். அறிவைப் பகிர்வது என்றால் இதுதான். ஆனால் அந்த அறிவு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று விட்டது. தெருவுக்கு வரவில்லை!

தெருவில் இருப்பது வேறு "அறிவு". ஆபரேஷன் செய்தால் பலம் போய்விடும், மூட்டை தூக்க முடியாது, ஆண்மை போய்விடும் என்ற பேச்சுதான். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலப்பது. விந்துக் குழாய் வழியாகப் போவதல்ல. குழாயைக் கட்டினால் தாம்பத்தியம் கெடாது. இதை ஆண்களிடம் யார் சொன்னார்கள்? கிராம சுகாதார செவிலியர் பெண். அவர் பார்ப்பது கர்ப்பிணிகளை. பேசுவது பெண்களிடம். கணவன் பெரும்பாலும் அந்தப் பேச்சுக்கு வெளியேதான் நிற்கிறான். கருத்தடை பெண்கள் சமாச்சாரம், ஆண் கவலைப்பட வேண்டாம் என்று அதே ஆய்வில் மூன்றில் ஒரு ஆண் சொன்னதில் என்ன ஆச்சரியம்?

இன்னொரு முக்கியமான விஷயம். வாசக்டமி செய்த அன்றே பலன் கிடைக்காது. ஏற்கெனவே குழாயில் இருக்கும் உயிரணுக்கள் வெளியேற சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை போன்ற வேறு முறை தேவை. பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதி செய்ய வேண்டும். இதைச் சரியாகச் சொல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும்? மனைவி கர்ப்பமானால் பழி டாக்டர் மேல் விழாது, அவள் மேல் விழும். ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையே விலையாகிறது.

நெருக்கடி நிலைக் காலத்தை இங்கே மறக்கக் கூடாது. 1976-77ல் மட்டும் இந்தியாவில் சுமார் 62 லட்சம் வாசக்டமிகள் நடந்தன. வட மாநிலங்களில் பலரைக் கட்டாயப்படுத்திச் செய்தார்கள். அந்தப் பயத்தால் அரசாங்கமே ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பியது. எண்ணிக்கைக்காக நடத்தும் முகாம்களும் கூடவே பெண்கள் பக்கம் போயின. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அவசர அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்து போனார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது.

எனவே ஆண்களுக்கு ஒரு புது டார்கெட் வைப்பது தீர்வல்ல. பணமும் தீர்வல்ல. பெண்களைவிட ஆண்களுக்கு ஊக்கத்தொகை அதிகம் தருகிறார்கள். அப்படியும் வருபவர்கள் இல்லையே!

"என் புருஷனுக்கு வேண்டாம், எனக்கே செய்துவிடுங்கள்" என்று பெண்களே சொல்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். சரிதான். அவர் வேலைக்குப் போக முடியாவிட்டால் அடுப்பு எரியாது என்ற பயம் அது. அந்தப் பயத்துக்கும் காரணம் தவறான தகவல்தான். இரண்டையும் தெரிந்துகொண்டு, பிறகு அவள் தனக்கே வேண்டும் என்றால் அது அவள் முடிவு. தெரியாமல் எடுப்பது முடிவே அல்ல.

செய்ய வேண்டியவை பெரிய செலவு வைப்பவை அல்ல. ஆண் சுகாதாரப் பணியாளர்கள் ஆண்களிடம் பேச வேண்டும். பிரசவத்துக்கு முன்பே கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து எல்லா முறைகளையும் சொல்ல வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த டாக்டர்கள் மற்றவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். எல்லாவற்றையும்விட, செய்துகொண்ட ஆண்கள் வாய் திறக்க வேண்டும். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலைக்குப் போகிறேன்" என்று டீக்கடையில் ஒருவர் சொல்வது நூறு போஸ்டருக்குச் சமம்.

சீனாவிலிருந்து கடல் கடந்து வந்த அறிவு, ஆஸ்பத்திரியிலிருந்து டீக்கடை வரை வர முடியாதா?