பதில் சொன்ன குரல்

சென்ற சாரலில் நண்பர் ஒருவருடன் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். அருவியடியில் நின்று அவர் ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை. இருபது வருஷம் வகுப்பறையில் கத்திப் பழகிய என் தொண்டையும் அங்கே பயன்படவில்லை. கரையேறிய பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அவருடைய புதல்வியைக் கச்சேரிக் குழுவொன்றில் ஜோடிப் பாட்டுப் பாட அழைத்திருக்கிறார்களாம். "இராப் பாட்டெல்லாம் குடும்பத்துக்கு ஆகுமா, ஸார்?" என்றார்.

நான் வடக்கே கை காட்டினேன். சில மைல் தொலைவிலிருக்கும் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். அங்கே 1906-இல் பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். 1926-இல் இலங்கையில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். அடுத்த வருஷம் தம்பதிகளாயினர்.

அந்நாளைய ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் இரவில் மேடையில்தான் சந்திப்பார்கள். 'வள்ளி திருமண'த்தில் வேலன் பாட்டிலே கேள்வி தொடுத்தால், வள்ளி அதே சுருதியில் அக்கணமே பதில் பாடவேண்டும். ஒலிபெருக்கியும் இல்லை, கடைசி வரிசைக்காரர் காதிலும் சொல் தெளிவாக விழவேண்டும். கிட்டப்பாவின் குரல் எட்டிய உச்சத்துக்குத் தாமும் எட்டி, பதில் சொன்னவர் சுந்தராம்பாள். ஜோடிப் பாட்டின் ரகசியம் இதுதான்: ஒருவர் மற்றவருக்கு அடங்கிப் போனால் பாட்டும் அடங்கிவிடும்.

இரவெல்லாம் கைதட்டிய ஊர், பொழுது விடிந்ததும் வம்பு பேசிற்று. கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி உண்டு. பிணக்கு வளர்ந்து இருவரும் பிரிந்தனர். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார், வயது இருபத்தேழுதான். சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. வெள்ளைப் புடைவை உடுத்தி மேடையை விட்டு விலகினார். இனி அவ்வளவுதான் என்று பலர் எண்ணியிருப்பார்கள்.

அவர் திரும்பி வந்தார். எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு வந்தார். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற லட்ச ரூபாய் ஊதியம் நாட்டையே வியக்க வைத்தது. காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாட்டுப் பாடினார். பின்னாளில் சென்னை மேல்சபையில் அங்கத்தினராகவும் அமர்ந்தார். 1953-இல் ஔவையார் ஆனார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1980-இல் மறைந்தார். துணைக்குரல் போய் நாற்பத்தேழு வருஷம் தனிக்குரலாக நின்றார் அம்மையார்.

இவ்வளவும் கேட்ட நண்பர், "அந்த அம்மாள் பட்ட துன்பத்தையும் சேர்த்துத்தானே சொல்கிறீர்?" என்றார். நியாயமான கேள்வி. துன்பம் பாட்டினால் வந்ததன்று. இரவில் டிக்கெட் வாங்கி ரஸித்துவிட்டுப் பகலில் பழித்த நம்மால் வந்ததில் பாதி. அவரைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பாட்டுத்தான்.

நண்பர் ஈரத் துண்டை மெதுவாகப் பிழிந்தார். "பெண்ணையே கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். அதை முதலிலேயே செய்திருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் அந்தக் கேள்வி எப்போதும் கடைசியில்தானே வருகிறது!