சாய்ந்த மரம்: வெட்டுவதா, விட்டு வைப்பதா?

மழைக்காலம் நெருங்கினால் மேற்கு மாம்பலம் தெருக்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "அந்தச் சாய்ஞ்ச மரத்தை வெட்டிட்டா தேவலை" என்பார் ஒருவர். "இருக்கிற நிழலும் போயிடுமே" என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் எந்த மரம் ஆபத்து, எது ஆபத்தில்லை என்று மழைக்கு முன்பே பார்த்துச் சொல்லப் போவது யார்? அதுதான் கேள்வி.

காரில் போனவர் பலி

பக்கத்துப் பேட்டையான கே.கே. நகரில் 2022 ஜூன் 24-ந் தேதி நடந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. சாலையில் வந்த கார் மீது பெரிய மரம் ஒன்று வேரோடு விழுந்தது. காரில் இருந்த பெண் வங்கி அதிகாரி பலியானார். மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியதே காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது. மாநகராட்சி அதை மறுத்தது.

அந்தச் சர்ச்சை ஒரு புறம் இருக்கட்டும். மரத்தைத் தாங்கும் வேர்களில் பெரும்பகுதி மேலே இரண்டு, மூன்று அடி மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடுகிறது. வடிகால், கேபிள், குடிநீர்க் குழாய் எதற்குத் தோண்டினாலும் கடப்பாரை முதலில் படுவது அந்த வேரில்தான். கூடாரத்துக்கு ஒரு பக்கக் கயிற்றை அறுத்த கதை! அன்றைக்கே விழாது. அடுத்த பெருங்காற்றில் விழும்.

எது ஆபத்து?

சாய்ந்த மரமெல்லாம் விழும் மரம் அல்ல. வெளிச்சத்தைத் தேடிச் சின்ன வயதிலேயே வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்த மரம் பல காலம் நிற்கும். திடீரென்று சாய்ந்த மரம்தான் பயப்பட வேண்டியது. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேடாகியோ இருந்தாலும், அடியில் காளான் பூத்திருந்தாலும், தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டாலும் உடனே கவனிக்க வேண்டும்.

மின்கம்பிக்காக ஒரே பக்கக் கிளைகளை வெட்டிக்கொண்டே போனால், பாரம் மறுபக்கம் சேர்ந்து நல்ல மரமும் சாயும். லேக் வியூ ரோடு என்ற பெயரே இங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்ததைச் சொல்லும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாம்பலம் பட்ட பாடு தெரிந்ததே. அப்படித் தண்ணீர் தேங்கினால் மண் சேறாகி வேரின் பிடி தளரும்.

2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. குல்மோஹர் போன்ற வெளிநாட்டு மரங்கள் அதிகம் விழுந்தன. வேம்பு, புங்கன் போன்ற நம் மரங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

ஒரு மரம், பல எஜமான்

கோல்ப் மைதானத்தில் ஒரு மரம் சாய்ந்தால், கயிறு கட்டி ஆட்களை விலக்கி வைக்க ஒரே நிர்வாகம் இருக்கும். தெரு மரத்துக்கு அந்த யோகம் இல்லை. மரம் மாநகராட்சியுடையது, கம்பி மின்வாரியத்துடையது, குழாய் குடிநீர் வாரியத்துடையது. விழுந்த பிறகு தீயணைப்புப் படை.

இஷ்டத்துக்கு வெட்டவும் முடியாது. தமிழக அரசு 2021-ல் கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுக்களை அமைத்தது. பொது இடத்து மரத்தை வெட்ட அதன் அனுமதி வேண்டும். மரத்தைக் காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனுவை விட மரம் வேகமாகச் சாய்ந்தால் என்ன செய்வது?

மழைக்கு முன்பே முடிவு

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்கள் பற்றிய வழக்கில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சிமெண்ட் பூசாமல் விட வேண்டும் என்று 2013-லேயே உத்தரவிட்டது. நம் நடைபாதைகளில் அடிமரம் வரை சிமெண்ட் பூசிய மரங்கள் எத்தனை என்று நடந்து போகிறவர்களே எண்ணிக்கொள்ளலாம். இது வேரில் வெந்நீர் ஊற்றுகிற காரியம்.

தெருவாரியாக மரங்களுக்கு நம்பர் போட்டு, விஷயம் தெரிந்தவர்கள் அக்டோபருக்கு முன்பே பார்த்து, மூன்றாகப் பிரிக்க வேண்டும்: கிளை கழித்தால் போதும், முட்டுக் கொடுத்தால் நிற்கும், வெட்டியே ஆக வேண்டும். மூன்றாவது ரகத்துக்கு நாள் குறித்து முடிவு சொல்ல வேண்டும். வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புங்கனோ வேம்போ நட வேண்டும். பள்ளம் தோண்டுகிற கான்ட்ராக்டருக்கு, வேரை அறுத்தால் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

பொதுமக்களும் சும்மா இருக்கக்கூடாது. மண் வெடிப்பைப் பார்த்தால் 1913-க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி வைக்கலாம். வண்டியை அந்த மரத்தடியில் நிறுத்தாமல் இருக்கலாம்.

எல்லா மரத்தையும் வெட்டினால் வெயில் கொல்லும். எதையும் வெட்டாவிட்டால் மரம் கொல்லும். உயிர் போன பிறகு ரம்பத்தோடு ஓடி வருவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!